ஆண்ட்ரூவின் பூட்டு

மார்கழி, விடியற்காலை நாலு மணி. புவனகிரியிலிருந்து வயல்களுக்கு நடுவே போகிற ஒற்றை ரோடு. அதன் கடைசியில், டைல்ஸ் கம்பெனிக்குக் குழாயில் கேஸ் அனுப்புகிற ஒரு கேஸ் ஸ்டேஷன்... சிரிக்கிறவன் எழுந்து போய்ப் படுக்கலாம். என் கூட்டாளி லியாக்கத் அலியின் மச்சான் இம்தியாஸுக்கு, அங்கே ராத்திரி டூட்டியில் நடந்தது இது.

குளிர் ஏறினால், குழாயில் வருகிற கேஸிலிருந்து பெட்ரோல் மாதிரி ஒரு திரவம் பிரியும். தொட்டியில் சேரும். நிரம்புவதற்குள் வால்வைத் திறந்து குழிக்குள் வடித்துவிட வேண்டும். விட்டால், கேஸோடு டைல்ஸ் கம்பெனி அடுப்புக்குப் போய் நெருப்பைக் கக்கும். அந்த அடுப்படியில் நின்றவன் இம்தியாஸின் சொந்தத் தம்பி. துபாயிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

குழியைக் கழுவ இறங்குகிறவன் வால்வில் தன் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்குவான். அவன் ஏறி வந்து திறக்கும்வரை வேறு எவனும் தொடக்கூடாது. போன வருஷம் இறங்கியவன் இம்தியாஸோடு வேலை பார்த்த ஆண்ட்ரூ. தொட்டி நிரம்புகிறது என்று இம்தியாஸ் அந்தப் பூட்டை அறுத்து வால்வைத் திறந்துவிட்டான். பத்தடி நடந்து குழியை எட்டிப் பார்க்கவில்லை, படுபாவி! ஆண்ட்ரூ அந்த வாடையிலேயே மூச்சு முட்டி... முடிந்தான். "அவன் வூட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சேன்" என்று எல்லாரிடமும் சொல்லித் தப்பித்துக்கொண்டான் இம்தியாஸ்.

இந்த மார்கழி. தொட்டி மளமளவென்று ஏறியது. இம்தியாஸ் தனியாக வால்வுக்குப் போனான். அதில் ஒரு பூட்டு. சொட்டச் சொட்ட ஈரம்... பெட்ரோல் வாடை. குழிக்குள் சரக்... சரக்... யாரோ தரையைச் சுரண்டுகிற சத்தம். டார்ச் அடித்தான். யாரும் இல்லை. கட்டரைப் பூட்டில் வைத்தான்.

"மச்சான்... நான் உள்ள இருக்கேன்."

குழிக்குள்ளிருந்து ஆண்ட்ரூவின் குரல். கட்டர் கையிலிருந்து விழுந்தது. கேஸையே அடைக்கிற பெரிய சக்கரத்துக்கு ஓடினான். அசையவில்லை. தம்பிக்குப் போன் போட்டான். மணி அடிக்கிறது... எடுக்கவில்லை.

"ஏறி வாடா ஆண்ட்ரூ! உன் கால்ல வுழறேன்டா, என் தம்பி அங்க நிக்கிறான்!"

சரக்... சரக்... கம்பெனிப் பக்கம் வானம் குப்பென்று சிவந்தது. அப்போதுதான் சுரண்டல் நின்றது. வால்வில் பூட்டு இல்லை.

தம்பி கடலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வாழையிலையில் கிடந்தான். முகத்தில் உதடு மட்டும்தான் மிச்சம். சாகுமுன் அண்ணனைக் கிட்டே கூப்பிட்டான்.

"உன் போன் அடிச்சுதுண்ணே. எடுக்கலாம்னு நவுந்தேன். ஈரச் சட்டையோட ஒருத்தர் வந்து தோள்ல கை வச்சாரு. 'இங்கயே நில்லு தம்பி, உங்கண்ணன் இன்னிக்குப் பூட்ட அறுக்க மாட்டான்'னாரு... யாருண்ணே அவரு?"