விழுந்ததைச் சொன்ன சில்லு

விழாத் தலைவர், எங்கள் நிறுவனர் கோல்டே சாஹேப் அவர்களே! போசரித் தொழிற்பேட்டையின் பெரியவர்களே! புகையைப் பொறுத்து, பொட்டுப் பொட்டாக ஈயம் வைத்து, எங்கள் மின்சுற்றுப் பலகைகளுக்கு உயிர் கொடுக்கும் தாய்மார்களே! திராட்சைத் தோட்டத்தை விட்டுவிட்டு சாங்லியிலிருந்து வந்திருக்கும் விவசாயிகளே! மூன்றாம் வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் எங்கள் இளம் பொறியாளர் முக்தா கோலப் அவர்களே! உங்கள் அனைவருக்கும் தலைமைப் பொறியாளன் வசுதேவ் ஜோக்ளேகரின் வணக்கம்.

சொட்டுநீர்ப் பம்பை நேரம் வைத்து ஓட்டும் நமது புதிய பெட்டிக்கு மூளையாக எந்தச் சில்லு, எந்தச் சிப்? இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் பொருத்திவரும் எட்டு பிட் பழைய சில்லுக் குடும்பமா? முக்தா கொண்டுவந்த முப்பத்திரண்டு பிட் புதிய குடும்பமா? சோதனையில் பழையது வென்றது. அதற்காகத்தான் எனக்கு இந்த மாலை. உற்பத்தி ஆணையில் மட்டும் நான் இன்னும் கையெழுத்திடவில்லை.

நண்பர்களே, எனக்கு முக்தா மேல் பொறாமை. சிரிக்காதீர்கள், சீரியசாகச் சொல்கிறேன். நான் நாற்பது கால் சில்லில் செய்ததை அவர் இருபது கால் சில்லில் செய்தார். நான் பக்கத்தில் தனியாக ஒட்டவைத்த நினைவகம் அவருக்கு உள்ளேயே இருந்தது. விலையோ பாதி! பொறுக்குமா? பொறுத்தால் நான் பொறியாளனா?

காரணங்கள் திரட்டினேன். என் சில்லு கெட்டால் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டு இன்னொன்றைச் செருகலாம். அவருடையதை மாற்ற உருப்பெருக்கியும் உறுதியான கையும் வேண்டும். ஈரத்தை அளக்கும் நம் உணரிகள் ஐந்து வோல்ட். அவருடைய சில்லு மூன்றரை வோல்ட்டைத் தாண்டினால் முகம் சுளிக்கும். எல்லாம் உண்மைதான். உண்மை என்பதற்காகவா நான் சொன்னேன்?

அப்புறம் நம் பேட்டை வழக்கம். எத்தனை சான்றிதழ் வந்தாலும் நாம் நம்புவது ஒன்றைத்தான்: பலகை செருகிய அதே பிளக் வரிசையில் கிரைண்டிங் மெஷினைச் செருகி, போட்டுப் போட்டு அணைப்பது. அந்தச் சோதனையைக் கேட்டு வாங்கியவன் நான். நடந்தது உங்களுக்குத் தெரியும். முக்தாவின் திரையில் ஓயாமல் ஒரே வரி: ‘மின்சாரம் சரிந்தது. விழுந்தேன். எழுந்தேன்.’ என் பலகையிலோ ஒற்றைப் பச்சை விளக்கு, ஆடாமல் அசையாமல்.

“என்னம்மா முக்தா, உன் சிப்பு மயக்கம் போட்டு மயக்கம் போட்டு எந்திரிக்குது! நம்ம ஜோக்ளேகரோட கிழவனைப் பாரு, அசையுறானா?” என்றார் கோல்டே சாஹேப். பத்தே நிமிடத்தில் சோதனை முடிந்தது. எல்லோரும் மிசல் சாப்பிடப் போய்விட்டீர்கள்.

முக்தா போகவில்லை. மின்சார ஏற்ற இறக்கத்தை அலையாக வரைந்து காட்டும் கருவியை எடுத்துவந்தார். “சார், உங்க போர்டுல அலைக்காட்டி மாட்டிப் பாக்கட்டுமா?”

“மாட்டும்மா. பாத்துக் கத்துக்கோ.” ஜெயித்தவனின் பெருந்தன்மை!

அவரே மறுபடி மெஷினைப் போட்டார், அணைத்தார். “சார், என்னோடது ஏழு தடவ விழுந்துச்சு. உங்களோடது பத்தொம்பது. கண்ணு இமைக்கறதுக்குள்ள எந்திரிச்சுடுது. விழுந்தேன்னு சொல்லத்தான் அதுக்குத் தெரியல.”

அவருடையது எழுந்ததும் விட்ட நிமிடத்திலிருந்து தொடர்ந்தது. என்னுடையது எழுந்ததும் பம்புக்கு வைத்த ஒரு மணி நேரத்தை முதலிலிருந்து எண்ணியது. கிராமத்து மின்சாரமும் இப்படித்தான் விழுந்து விழுந்து எழும்.

முன்வரிசையில், என் சில்லு வைத்த பழைய பெட்டியை வாங்கிய திராட்சை விவசாயி தத்தோபா இருக்கிறார். “சாஹேப், ஒரு மணி நேரம் வெச்சா ஒன்றரை மணி நேரம் தண்ணி ஓடுது. காயெல்லாம் வெடிச்சுப் போச்சு” என்று எத்தனை முறை அழைத்தார்! நான் என்ன சொன்னேன்? ‘உங்க கடிகாரம் வேகமா ஓடுது. மாத்துங்க.’ பாவம், இரண்டு கடிகாரம் மாற்றினார்.

என்ன தத்தோபா, எழுந்துவிட்டீர்கள்?

“மூணு, சாஹேப்!”

மன்னிக்க வேண்டும். மூன்று.

அன்று அலைக்காட்டியைப் பார்த்த பிறகு, “நான் யாருகிட்டயும் சொல்லல சார். கையெழுத்து போட வேண்டியவரு நீங்க” என்று சொல்லிவிட்டுக் கருவியின் வயரைச் சுருட்டிக்கொண்டு போனார் முக்தா. ஊரைக் கூட்டிக் கத்தியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அந்த வசதியைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை! அன்றிலிருந்து பொறாமை இரட்டிப்பு.

கோல்டே சாஹேப், அந்த உற்பத்தி ஆணைத் தாளைக் கொடுங்கள்.

“யோவ் ஜோக்ளேகர், மாலையே போட்டாச்சுய்யா! நாளைக்குப் பேசிக்கலாம், உக்காரு.”

சாஹேப், ஒலிபெருக்கி அணையவில்லை. எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

மணி அடிக்க, விளக்கெரிக்க என் பழைய குடும்பம் போதும். இன்னும் பல ஆண்டு போதும். நேரத்தை நினைவில் வைக்க வேண்டிய இடத்தில், விழுந்ததை விழுந்தேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் போதாது. இதோ, உங்கள் முன்னால் கையெழுத்திடுகிறேன்: புதிய குடும்பம்! அந்தச் சில்லைச் சின்ன அட்டையில் பதித்து, சாக்கெட்டில் செருகும்படி செய்ய வேண்டும். கிராமத்தில் மாற்ற வேண்டுமே. ஆணையில் அந்த ஒரு வரி மட்டும் நான் சேர்ப்பது. ஏற்கெனவே விற்ற பெட்டிகளையும் தத்தோபா வீட்டிலிருந்து தொடங்கி மாற்றித் தருவோம்.

முக்தா, மேடைக்கு வாருங்கள்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும், மூன்று கடிகாரம் வாங்கியும் என்னை அடிக்காத தத்தோபாவுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். முக்தாவுக்குக் கைதட்டுங்கள். ஆனால் கொஞ்சம் மெதுவாகத் தட்டுங்கள். பொறாமை பிடித்த எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

வணக்கம்.