சும்மா ரத்தம்

உங்கள் மேஜைக் கண்ணாடியை ஒரு தடவை துடைத்துக்கொள்கிறேன், இன்ஸ்பெக்டர். விரல் தடம் இருந்தால் எனக்குப் பேச்சே வராது. பரிசோதனைக்கூடத்துப் பழக்கம், என்ன செய்ய.

என் வேலை பெரிய சிதம்பர ரகசியமெல்லாம் இல்லை. கண்ணாடிச் சில்லின் மேல், கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களைப் படியவைப்பேன். அதில் ஒரு துளி ரத்தம் விட்டு ஒளியைப் பாய்ச்சினால், நோயின் புரதம் தங்கத்தில் ஒட்டியிருக்கிறதா என்பதைத் திரும்பி வரும் ஒளியின் நிறம் சொல்லிவிடும்; ஒட்டியிருந்தால் நிறம் நகரும். வெறும் கண்ணாடி கோட்டைவிடுவதைத் தங்கம் பிடித்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும். எங்கள் கூடத்தில் அதற்குச் 'சும்மா ரத்தம்' என்று பெயர். என் அண்ணிதான் மாதாமாதம் விரலை நீட்டுவார்.

"உங்க அண்ணன் ஒரு பக்கம் என் ரத்தத்தைக் குடிக்கறாரு, போதாதுன்னு நீ வேறயா?" என்று சிரிப்பார். குத்துவதற்கு முன், "சும்மாதானே?" என்பார்.

"சும்மாதான் அண்ணி."

அவரை எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை அவர் ரத்தத்தில் நிறம் நகர்ந்தது. சில்லில்தான் கோளாறு என்று நினைத்தேன். சில்லில் பூசும் தங்கக் கரைசல் கெட்டால் சிவப்பு போய் நீலம் பாயும். அது நல்ல சிவப்பாகவே இருந்தது. மறுமாதம் நிறம் இன்னும் நகர்ந்தது. சினைப்பையில் புற்று. வழக்கமான பரிசோதனையில் அது தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் தெரிந்தது.

நியாயமாக யோசித்துப் பாருங்கள். சொல்லியிருந்தால் தேடிக் கண்டுபிடித்து அறுத்து எடுத்திருப்பார்கள், அண்ணி பிழைத்திருப்பார். ஆனால் மாதாமாதம் நிறம் நகர்வதை வைத்து நான் வரைந்துவந்த கோடு பாதியில் அறுந்திருக்கும். மருத்துவமனையை என் சில்லு எவ்வளவு முந்துகிறது என்பதுதானே கேள்வி? மருத்துவமனை தானாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் அதற்கு விடை ஏது? நான் விஷம் வைக்கவில்லை. ஒன்றுமே செய்யவில்லை, சும்மாதான் இருந்தேன்.

உடம்பு துரும்பாக இளைத்த பிறகும் அண்ணி விரலை நீட்டி, "சும்மாதானே?" என்றார். இப்போது அந்தச் சிவப்புக் கரைசலைத் திறந்தால் அந்தக் குரல் காதில் விழுகிறது. வீட்டில் குழாயைத் திறந்தாலும் விழுகிறது. பயமாகத்தான் இருக்கிறது.

கருத்தரங்கில் அந்தக் கோட்டைத் திரையில் காட்டி, அண்ணிக்கு நன்றி சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். நான் அழைத்ததால் அண்ணனும் வந்திருந்தார்.

"இந்தக் கோடு ஏற ஆரம்பிச்சப்போ அவ மாடிப்படி ஏறி இறங்கி நல்லாத்தானே இருந்தா," என்றார். "உனக்கு அப்பவே தெரியுமா?"

தெரியும் என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அங்கிருந்து நேராக உங்களிடம் வந்து புகார் கொடுத்துவிட்டார்.

அண்ணன் மகளுக்கு அப்படியே அம்மாவின் விரல். கருத்தரங்குக்கு முந்தின வாரம் அவளும் நீட்டினாள். "சும்மாதானே அத்தை?" என்றாள். சும்மாதான் என்றேன். நிறம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. கொஞ்சம்தான். அண்ணனிடம் இப்போதைக்குச் சொல்லாதீர்கள், பாவம், சும்மா பயந்துவிடுவார். ஒரே துளியை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது. அடுத்த மாதம் அவளை இங்கே வரச்சொல்ல முடியுமா?