வரப்பு மேல் ஒரு போட்டோ

படாளத்தில் பஸ் ஏறிய இருவர் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் ஜன்னலோரம், இன்னொருவர் தோளில் துண்டோடு. அடுத்தடுத்த வயல்காரர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"என் வயல்ல நின்னு இன்னாத்துக்கு போட்டோ எடுத்துகின?" என்றார் ஜன்னலோரத்தவர்.

"என் நெல்லு இடுப்பளவு தண்ணில கீது. சேதக் கணக்கெடுக்க வந்த பொண்ணு வரப்பு மேல நில்லுங்கன்னுச்சு. நின்னேன்."

"அந்தப் பொண்ணு செல்லுல நீ நின்ன எடம் என் சர்வே நம்பர்னு காட்டிகீது. ஒரே நம்பர்ல ரெண்டு பேர்னு நம்ம ரெண்டு பேர் நிவாரணத்தையும் நிறுத்திட்டாங்க."

"அதான் மனு எழுதிகினு வந்துகீறனே. எடம் மாறி நின்னுட்டேன்னு."

"அது பத்தாது. யாரு வரப்புல நின்னேன்னு எழுது."

துண்டுக்காரர் கையிலிருந்த மனுவை மடித்தார்.

"உன் வரப்புன்னு எழுதினா கோர்ட்டுல என் கேஸு போச்சு."

"அந்த வரப்பு உன்னுதுன்னு நாலு வருஷமா கேஸ இழுத்துகினு கீற. எழுதலன்னா ரெண்டு பேருக்கும் நிவாரணம் இல்ல."

செங்கல்பட்டில் கலெக்டர் ஆபீஸ் நிறுத்தம் வந்ததும் ஜன்னலோரத்தவர் எழுந்தார். துண்டுக்காரர் வழிவிடவில்லை. மனுவை முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினார்.

"பேனா குடு."