டமாரம் துரையும் பதினேழாம் பக்கமும்

சிவராமன்: இரு இரு... கைய தொடச்சுகினு குடுறா. வேர்வை பட்டா அட்டை போயிடும்.

கிருபாகரன்: தொடச்சிட்டேண்ணா. நீங்க மொதல்ல கண்ணாடிய போடுங்க.

சிவராமன்: டேய்... டேய் கிருபா! இது பன்னெண்டாவது புக்குடா! டமாரம் துரையோட கடைசிக் கதை... 'முதலைக் கிணறு'!

கிருபாகரன்: அதான்ணா.

சிவராமன்: முப்பத்தெட்டு வருஷமா ஒருத்தன் கண்ணுலயும் படலடா இது! எங்க புடிச்ச?

கிருபாகரன்: வெள்ளானூர்ல... ஒரு பழைய பேப்பர் கடைல.

சிவராமன்: பேப்பர் கடைலயா? ம்... அந்தப் பொண்ணு பவ்யா கேட்டா துள்ளிக் குதிக்கும். துரை கதையெல்லாம் சேத்து ஒரே புக்கா போடுதாம். பதினொண்ணு கெடச்சிடுச்சு, கடைசிதான் ஆப்டல சார்னு பொலம்பிகினு இருந்துச்சு.

கிருபாகரன்: இன்னா பொலம்பி இன்னா... துரைன்னா யாருன்னு இப்ப யாருக்குண்ணா தெரியும்?

சிவராமன்: தெரிய வைக்கணும்டா! டமாரத்தைக் கவுத்துப் போட்டு அதுலயே கடலத் தாண்டினவன்!

கிருபாகரன்: பேயைப் பாத்து பயந்து, அந்தப் பேய் முதுகுலயே ஏறி ஒளிஞ்சவன்.

சிவராமன்: ஹஹ்ஹா... அத யூசுப் படிச்சுக் காட்டணும். பேய்க்கு ஒரு கொரல், துரைக்கு ஒரு கொரல்...

கிருபாகரன்: யாரு, உங்க பழைய கூட்டாளி யூசுப் பாயா?

சிவராமன்: இன்னாடா அப்டிப் பாக்கற?

கிருபாகரன்: நீங்களே அந்தப் பேர எடுத்துட்டீங்களேன்னு.

சிவராமன்: சரி வுடு. பக்கமெல்லாம் சரியா கீதான்னு பாக்கறேன். பதினாலு... பதினஞ்சு... பதினாறு. துரை கிணத்துல வுழறான், கீழ முதலை வாயப் பொளந்துகினு... ஐயோ! இன்னாடா இது?

கிருபாகரன்: இன்னாண்ணா?

சிவராமன்: அடுத்த பக்கம் பத்தொம்போது! துரை கரையில உக்காந்து பஜ்ஜி தின்னுகினு கீறான்! நடுவுல ஒரு தாளக் காணோம்!

கிருபாகரன்: பழைய புக்கு... எங்கனா வுழுந்திருக்கும்.

சிவராமன்: வுழல. ஸ்கேல் வச்சு நேரா கிழிச்சிருக்கு. கிருபா... நம்ம வாடகை லைப்ரரி சீல் எந்தப் பக்கத்துல குத்துவோம்?

கிருபாகரன்: அது... ஞாபகம் இல்லண்ணா.

சிவராமன்: நான் சொல்றேன். அட்டை கிழிஞ்சாலும் நம்ம புக்குன்னு தெரியணும்ல? அதுக்கு உள்ள ஏதாவது ஒரு பக்கத்துல யாருக்கும் சொல்லாம ஒரு சீல் வெப்போம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பக்கம். நம்முது பதினேழு. அது எனக்குத் தெரியும். கூட்டாளி யூசுப்புக்குத் தெரியும். லீவு நாள்ல வந்து ஆசையா சீல் குத்திகினு இருந்த ஒருத்தனுக்கும் தெரியும்.

கிருபாகரன்: அண்ணா...

சிவராமன்: வெள்ளானூர்ல எந்தக் கடைடா?

கிருபாகரன்: கடையே இல்லண்ணா. நான்தான் எடுத்தேன்... அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. கண்ணாடி அலமாரி தொறந்து கெடந்துச்சு, சட்டைக்குள்ள சொருவிகினு ஓடிட்டேன். இத்தினி வருஷமா டிரங்குப் பெட்டில போட்டுப் பூட்டி வச்சிருந்தேன்.

சிவராமன்: அந்தத் தாளு?

கிருபாகரன்: சீல் இருந்துச்சே... பயந்துட்டேன். கிழிச்சு, வாயில போட்டு... மென்னு முழுங்கிட்டேன்.

சிவராமன்: முழுங்கிட்டியா!

கிருபாகரன்: ஆமாண்ணா.

சிவராமன்: அடப்பாவி! அப்ப துரை எப்பிடிடா கிணத்துலேர்ந்து வெளிய வந்தான்?

கிருபாகரன்: படிக்காமலே முழுங்கிட்டேண்ணா. முப்பத்தெட்டு வருஷமா எனக்கும் அதான் தெரியல.

சிவராமன்: தலையே சுத்துது... ஒலகத்துல இருந்த ஒரே புக்கு... தின்னுட்டேன்றான்!

கிருபாகரன்: ஆனா ஒண்ணுண்ணா... திருடினேன்னு சொன்னப்போ நீங்க அசரவே இல்ல. முழுங்கினேன்னு சொன்னதுக்குத்தான் கத்தறீங்க.

சிவராமன்: அது... ரெண்டுக்கும்தான் சேத்து. தண்ணி எடு.

கிருபாகரன்: இந்தாங்க. திட்டுங்க, ரெண்டு அறை வேணா வுடுங்க, வாங்கிக்கறேன். ஆனா பேரு கெட்டது யூசுப் பாய்க்குண்ணா. கண்ணாடி அலமாரி சாவி அவர்கிட்டதான் இருந்துச்சு, கூட்டாளியே கைய வச்சிட்டான்னு நீங்க சொன்னீங்க. அதோட அவரு படி எறங்கினவருதான்.

சிவராமன்: பழைய கதை எதுக்குடா இப்ப?

கிருபாகரன்: பழசா? முந்தாநேத்து பவ்யா எனக்கும் போன் பண்ணுச்சு. முன்னுரை எழுதுதாம். கடைசி புக்கு எப்பிடிக் காணாமப் போச்சுன்னு நீங்க சொன்னத அப்பிடியே போடறேன்னுச்சு. பாய் பேரு அச்சுல வரப் போவுதுண்ணா, திருடன்னு! அதான் பெட்டியத் தொறந்து எடுத்துகினு ஓடியாந்தேன்.

சிவராமன்: அந்தப் பொண்ணு ஏதோ கேட்டுச்சு... வாய்க்கு வந்தத சொன்னேன்.

கிருபாகரன்: போன ஞாயித்துக்கெழம அவரப் பாத்தேன். கள்ளிக்குப்பத்துல, பொண்ணு ரேஷ்மா ஊட்ல கீறாரு. எங்க போவணும்னாலும் நம்ம கடைத் தெரு வழியா மட்டும் போவமாட்டாராம். சுத்திகினு போறாராம். கடைய இடிச்சே இருவது வருஷம் ஆவுதுண்ணா! அங்க இப்ப செல்போன் கடை.

சிவராமன்: நீ... சொல்லிட்டியா அவன்கிட்ட?

கிருபாகரன்: வாயே வரல. ரெண்டு பேரும் சேந்து போலாம், எந்திரிங்க. நான் கால்ல வுழறேன். 'தெரியாம பண்ணிட்டேன்டா'ன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்.

சிவராமன்: முட்டி வலிடா.

கிருபாகரன்: லிஃப்ட் கீது. கீழ வண்டி நிக்குது.

சிவராமன்: மழை வர்ற மாதிரி கீது.

கிருபாகரன்: வெயில் கொளுத்துதுண்ணா!

சிவராமன்: நீ போய் சொல்லிடு. திருடினவன் நீதானே?

கிருபாகரன்: நான் சொல்லி இன்னா ஆவப்போவுது? அவரு உங்களுக்குத்தான் காத்துகினு கீறாரு. ரேஷ்மா சொல்லுச்சு... 'சிவராமனுக்கு விஷயம் தெரியாது, தெரிஞ்ச அன்னிக்கு ஓடி வருவான்'னு இன்னிக்கும் சொல்லிகினு கீறாராம்.

சிவராமன்: அப்பிடியா... சொன்னான்?

கிருபாகரன்: இன்னாண்ணா... மூஞ்சி வேத்துகினு வருது?

சிவராமன்: சாயங்காலம் ஆனா பசங்கல்லாம் கடைல எங்க நிப்பீங்க, ஞாபகம் கீதா?

கிருபாகரன்: பாயச் சுத்திதான். கதை படிப்பாரே.

சிவராமன்: ம். அவனச் சுத்திதான். புக்கு எடுக்கக்கூட ஒருத்தன் என் பக்கம் வரமாட்டான். யூசுப் பாய் கடைன்னுதான் பேரு. நானும் பக்கத்துலயேதான்டா உக்காந்துகினு இருந்தேன்... பொறாமையா இருக்கும். பத்திகினு எரியும்.

கிருபாகரன்: அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? தெரியாமத்தானே அவரு மேல சந்தேகப்பட்டீங்க? அத சொல்லுங்க, போதும்.

சிவராமன்: புக்கு காணாமப் போன மறுநாளே உங்கம்மா கமலம் கடைக்கு வந்தாங்கடா... 'என் புள்ளதாங்க எடுத்துட்டான், எங்க ஒளிச்சான்னு தெரியல, பயத்துல ஜொரம் வந்து கெடக்கறான், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னு அழுதாங்க. யூசுப்ப நான் கடைய வுட்டு அனுப்பினது... அதுக்கு அடுத்த வாரம்.