மெல்லிய கறுப்புக் கோடு

எங்கள் வீட்டில் இப்போது தொலைக்காட்சிச் செய்தி முழுதாகக் காதில் விழுகிறது. மிக்ஸியை நிறுத்தினால் பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதுகூடக் கேட்கிறது. விசாரணைக்கு வந்திருக்கும் உங்களிடம் இதை எதற்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

என் கணவர் பழைய கார்களை ஏலம் விடுபவர். இன்ஜினே இல்லாத வண்டியைக்கூட, “சத்தமே போடாது சார், பெட்ரோலும் குடிக்காது” என்று தள்ளிவிடுவார். ஏலக்கூடத்தில் கூட்டம் இருந்தது, வீட்டில் நான் இருந்தேன். நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவேன், அவர் முடிப்பார். நான் நினைத்திருந்ததைவிட வேடிக்கையாகவே முடிப்பார். நானும் சிரிப்பேன். என் வாக்கியங்கள் தாமாக எங்கே போய் முடிந்திருக்கும் என்பது எனக்கே மறந்துபோயிற்று.

நான் ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்லும் மருத்துவர். புற்று எவ்வளவு ஆழம், எதைத் தொட்டிருக்கிறது, எங்கே பரவியிருக்கிறது என்று சர்ஜன் கத்தியைத் தொடுமுன் சொல்ல வேண்டும். விருந்தாளிகளிடம் அவர் இதை விளக்குவார். “சாம்பல் கலர் பொம்மைய உத்து உத்துப் பாக்கிறா. அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்க.”

போன வருடம் அவருக்குச் சாப்பாடு தொண்டையிலேயே நின்றது. உணவுக்குழாயின் மேல்முனையில், குரல்வளைக்கு நேர் பின்னால் புற்று. வேறெங்கும் பரவவில்லை. எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார். எதுவரை எடுப்பது என்பதுதான் கேள்வி. உணவுக்குழாய்க்கும் குரல்வளைக்கும் நடுவே கொழுப்பு ஒரு படலமாக இருக்கும். ஸ்கேனில் அது மெல்லிய கறுப்புக் கோடு. கோடு இருந்தால் குரல்வளையை விட்டுவைக்கலாம். அழிந்திருந்தால் அதுவும் சேர்ந்து போகும். பிறகு கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு. பேச்சு கிடையாது.

சொந்தக்காரர்களின் படத்தை நாங்கள் பார்ப்பதில்லை. வேறொருவரிடம் கொடுக்கத்தான் இருந்தேன். அவரேதான் சர்ஜனிடம் சொன்னார். “என் பொண்டாட்டியே பாக்கட்டும் டாக்டர். இத்தன வருஷமா என்கிட்ட குறை கண்டுபிடிக்கிறா. இதுல மட்டும் கோட்டை விட்டுடுவாளா?” சர்ஜனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று காபி நன்றாக அமைந்திருந்தது. இருட்டறையில் ஏசியும் இதமாக ஓடியது. படத்தை அடுக்கடுக்காகப் புரட்டினேன். கோபமாக இருந்தேனா என்றால், இல்லை. அப்போதே மனசுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டேன். துணி மடித்துவைத்த அலமாரி மாதிரி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

சர்ஜன் போனில் வந்தார். “மேடம், கேமரா விட்டுப் பாத்தேன். உள்பக்கம் சுத்தமா இருக்கு, குரல் நாணும் நல்லா அசையுது. பின்பக்கம் ஒட்டியிருக்கான்னு நீங்கதான் சொல்லணும். குரல்வளைய விட்டுடலாமா?”

“ஒட்டியிருக்கு. எடுத்துடுங்க.”

பாதுகாப்புக்காகத்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் தாராளமாக வெட்டினால் திரும்ப வராதே. அவர் நல்லதுக்குத்தான்.

சாயங்காலம் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேங்க. வேற வழி…”

பழக்கதோஷத்தில் நிறுத்தினேன். அவர் முடிக்கவில்லை, காத்திருந்தார்.

“வேற வழியே இல்லைங்க,” என்றேன்.

“நீ சொன்னா சரி.”

மறுநாள் ஏலக்கூடத்துக்குப் போய், ஒரு வண்டி மிச்சம் வைக்காமல் விற்றுவிட்டு வந்தார்.

இப்போது அவர் நன்றாக இருக்கிறார். எடை கூடியிருக்கிறது. நான் பேசினால் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். எங்களுக்குள் இவ்வளவு அன்னியோன்னியம் முன்பு இருந்ததில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெட்டியெடுத்த குரல்வளையில் புற்றின் சுவடே இல்லை என்று பரிசோதனைக்கூடம் சொல்லிவிட்டது. அதனால்தான் வந்திருக்கிறீர்கள். நீங்கள் நல்லவர். மெல்லிய கோடு, சொந்தக் கணவர், பதற்றத்தில் யாருக்கும் கண் தப்பும், இதற்கு மேல் கிளற வேண்டாம் என்கிறீர்கள். இந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறீர்கள். நேற்றுவரை எனக்கும் அதில் சம்மதம்தான்.

நேற்று வீட்டுக்கு வந்தவர்கள் இந்தப் பேச்சை எடுத்தார்கள். அவர் தன் சிலேட்டை எடுத்து எழுதி, ஒவ்வொருவருக்கும் திருப்பித் திருப்பிக் காட்டினார். ‘இவளுக்குக் கண்ணு கொஞ்சம் மந்தம். எனக்கு எப்பவோ தெரியும். பாவம், விட்டுடுங்க.’ எல்லோரும் சிரித்தார்கள். அவரும் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டே என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

ஆகவே ஒரே ஒரு திருத்தம். ‘கவனிக்கத் தவறினார்’ என்று எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் நீங்கள் எதை எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். கோடு இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஓரிடத்திலும் அறுபடாமல் இருந்தது. முதல் பார்வையிலேயே பார்த்துவிட்டேன்.