அம்மா ஒளித்து வைத்த கடிதம்

எண்பதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், நியூசிலாந்தில், மவுண்ட் ரோஸ்கில் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் முப்பது வயது கடந்த சகோதரிகள் இருவர் இருந்தார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் சொல்கிறேன்.

“அக்கா, எங்கள் ரெண்டு பேருக்கும் ஆட்டிசமாம்! சின்ன வயசிலேயே டொக்டர் எழுதின கடிதத்தை அம்மா தையல் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிறா.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அக்கா சிரித்தாள்.

“நான் மட்டும்தான் விசித்திரம் எண்டு நினைச்சிருந்தன். நீயுமா?”

“ஓம், நானும்!”

“ஏன் ஒளிச்சவ?”

“ஜெர்மனியில யூதர் எண்டு பட்டியல்ல பேர் எழுதித்தானே தாத்தாவைக் கொண்டுபோனவங்கள். எங்கட பேர் எந்தப் பட்டியலிலயும் ஏறக்கூடாது எண்டு பயந்தவவாம்.”

அக்கா விரல்களை ஆட்டியபடி யன்னலைப் பார்த்தாள்.

“எங்களிட்டயாவது சொல்லியிருக்கலாம். எத்தனை வருஷம் எங்களிலதான் பிழை எண்டு நினைச்சம்.”

“அதையும் சொன்னன். அழுதழுது மன்னிப்புக் கேட்டவ.”

“அப்ப இண்டைக்கு இரவு ஓய்வுநாள் தொடங்க மெழுகுதிரி ஏத்தினாப்பிறகு அம்மா என்னைக் கட்டிப்பிடிக்கலாம். பத்து எண்ணும்வரைக்கும்.”

“உனக்கு ஆரும் தொட்டாலே பிடிக்காதே!”

“பிடிக்காதுதான். அம்மாவுக்குப் பிடிக்கும்.”

தங்கை உடனே பத்துவரை எண்ணிக் காட்டினாள், மிக மெதுவாக. அக்கா வேகமாக எண்ணச் சொன்னாள். இருவரும் சிரித்தபடியே இறங்கினார்கள்.