கெஸ்ட்டுகள் உள்ளே வரக்கூடாது

—அங்க போவாதீங்க மேடம், அது சமையக்கட்டு. கதவுலயே போர்டு மாட்டியிருக்குது பாருங்க.

—‘கெஸ்ட்டுகள் உள்ளே வரக்கூடாது.’ யாரு எழுதினது?

—எங்க ஊட்டுக்காரருதானுங்க. ஜெயபிரகாஷ்னு இந்த மலைமேல கரடியூர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. போன சீசனுக்கு ஒரு கும்பல் வந்து, நூடுல்ஸ் செய்யறோம்னு உள்ள பூந்து, என்ற தோசக்கல்லையே நாசம் பண்ணிப்போட்டாங்க. அன்னிக்கு எழுதி மாட்டுனாரு. நீங்க உக்காருங்க. என்ன வேலை பாக்கறீங்க?

—சேலத்துல ஒரு காலேஜ்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறேன். கெஸ்ட் லெக்சரர்.

—அட, அங்கயும் கெஸ்ட்டுங்களா!

—அங்கயும்தான். ஏழு வருஷமா கெஸ்ட். அத்தன வருஷம் ஒரு எடத்துல இருந்தா அதுக்குப் பேரு கெஸ்ட்டா, நீங்களே சொல்லுங்களேன்.

—ஏழு நாளு தங்குனாலே எங்கம்மா கரண்டிய டமால்னு போடுவாங்க, நீங்க ஒண்ணு.

—அதனாலயே இந்த வார்த்தைய நோண்டிட்டு இருக்கேன். எங்கிருந்து வந்துச்சு, முன்னாடி என்ன அர்த்தம்னு.

—வார்த்தையில நோண்டறதுக்கு என்னுங்க இருக்குது? கெஸ்ட்டுன்னா ரூம் கேட்டு வர்றவங்க. சுடுதண்ணி கேப்பாங்க. ராத்திரிக்கு தீ மூட்டித் தரச் சொல்லுவாங்க.

—இப்ப அப்படி. ஆதியில கெஸ்ட்டுன்னா அந்நியன். ஊர் பேர் தெரியாம வாசல்ல வந்து நிக்கறவன். வடக்குக் கடல்ல கப்பலோட்டினவங்க பேச்சு அதுல கலந்திருக்கு. இன்னொண்ணு கேளுங்களேன், அதே வேர்ல இருந்து லத்தீன்ல ஒரு வார்த்தை வந்துச்சு. அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? எதிரி.

—எதிரியா! அப்ப கெஸ்ட்டும் எதிரியும் ஒரே வயித்துல பொறந்ததுங்களா?

—ஒரே வயித்துல பொறந்ததுதான்.

—ஏனுங்க மேடம், மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?

—ஒண்ணுமில்ல. அந்தக் குடும்பம் பெருசு. ஹோஸ்ட், ஹாஸ்டல், ஹோட்டல், ஹாஸ்பிடல், எல்லாம் அதுல வர்றதுதான்.

—ஆஸ்பத்திரி சொந்தம்னா அது நொம்ப சரிங்க. பத்து கெஸ்ட்டு வந்துட்டுப் போனா எனக்கு இடுப்பு புடிச்சுக்குது. எங்கப்பா எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டரா இருந்தாருங்க. அங்க கெஸ்ட் அவுஸுன்னு ஒண்ணு இருந்துது. நாங்க சின்னப் புள்ளைங்க, வேலிகிட்ட போனாலே வாச்மேன் தொரத்துவான். உள்ள யாரு வந்தா, என்ன தின்னா ஒண்ணும் தெரியாது. கெஸ்ட்டுன்னா நாங்க எட்டிக்கூட பாக்கக்கூடாதவங்கன்னு நெனச்சுட்டிருந்தேன்.

—அதுவும் பழைய அர்த்தத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு. நம்ம தமிழ்ல விருந்துன்னா, முன்னாடி புதுசுன்னு அர்த்தம். புதுசா வர்றவங்க விருந்து. சாப்பாடுங்கறதெல்லாம் அப்புறம்தான்.

—புதுசா வந்தவங்களுக்கு மொதல்ல காபி குடுக்கோணும். இருங்க, போட்டுட்டு வாரேன். தூளு இன்னிக்கு அரைச்சதுங்க. கெஸ்ட்டுக்கெல்லாம் கடைத்தூளே போதும்பாரு. இன்னிக்கு என்னமோ காலையில எந்திரிச்சு அவரே கொட்டைய வறுத்து, அவரே அரைச்சு வெச்சிட்டு வண்டிய எடுத்துட்டுப் போனாரு. ஆனா அந்த டப்பாவ எடுக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருமுங்க.

—ஏன்?

—கையே எட்டாத ஒரு எடத்துல வெச்சிருக்காரு. கல்யாணமாயி வந்த நாள்ல இருந்து எடத்த மாத்தலாமான்னு கேக்கறேன். அது அங்கயே இருக்கட்டும்ங்கறாரு. சண்டையே போட்டுப் பாத்துட்டேன். செரி, காபிக்கு முன்ன உங்க ரூமக் காட்டிப்போடறேன், வாங்க. பை கனமா இருக்குதா? குடுங்க. மேடம், பாத்து, அந்த உத்தரம்… அட! குனிஞ்சுட்டீங்களே!

—ஆமா.

—அதுல ஒரு இடி வாங்காம உள்ள வந்த கெஸ்ட்டே இல்லீங்க. கலெக்டர் ஆபீஸ்காரரு ஒருத்தரு மண்டை வீங்கித்தான் ஊருக்குப் போனாரு. இருங்க, உள்ள இருட்டா இருக்கும், லைட்டு… ஏனுங்க, சுவிச்சு கதவுக்குப் பொறகால இருக்குதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? அதத் தேடிக் கண்டுபுடிக்க எனக்கே எத்தன நாளாச்சு!

—பழக்கம்.

—பழக்கமா? மேடம், நீங்க யாருங்க?

—புக்கிங் பேரு ஆண்டனி ராஜ்.

—அது உங்க ஊட்டுக்காரருங்க. உங்க பேரு?

—கீர்த்திகா.

—கீர்த்திகாவா? அவரோட தங்கச்சிங்களா?

—தங்கச்சியா இருந்தேன். நீங்கதான் ராஜேஸ்வரி அண்ணின்னு வாசல்லயே தெரிஞ்சுது. யாரோ அனுப்புன கல்யாண போட்டோவுல பாத்திருக்கேன்.

—ஐயோ, நான் மேடம் மேடம்னு கூப்டுட்டு, சமையக்கட்டுக்குள்ள வராதீங்கன்னு வேற சொல்லிப்போட்டனே! ஏன் கண்ணு, நேரா வரக்கூடாதா? பொறந்த ஊட்டுக்கு யாராச்சும் ரூம் போட்டு வருவாங்களா?

—நேராவும் வந்தேனே அண்ணி. அப்பாவோட காரியத்துக்கு. நீங்க அப்ப இந்த ஊட்டுக்கு வரல.

—அன்னிக்கு என்னாச்சு? அவருகிட்ட எப்பக் கேட்டாலும் எந்திரிச்சு காட்டுக்குப் போயிருவாரு.

—ஊடு நெறைய ஆளுங்க. பொம்பளைங்க அழுதுட்டிருக்காங்க. எனக்கு அழக்கூட வரல. நேரா சமையக்கட்டுக்குப் போனேன். இத்தன பேருக்கும் யாரு காபி வைக்கறதுன்னு அடுப்பப் பத்த வெச்சேன். அண்ணன் வந்து கதவுல நின்னாரு. பின்னாடி பெரியப்பா, பங்காளிங்க எல்லாரும். ‘ஒறம்பரைய வெளிய உக்கார வைங்க’ன்னாரு.

—உன்னையவா?

—என்னையத்தான். யாரோ பிளாஸ்டிக் சேரத் தூக்கிட்டு வந்து வாசல்ல போட்டாங்க. சாசர் வெச்ச கப்புல காபி குடுத்தாங்க. எங்கூட்டு காபிய எனக்கு சாசர்ல!

—அதுக்கு முன்ன உங்களுக்குள்ள சண்டையா?

—அதான் இல்ல அண்ணி. ஆண்டனியக் கட்டிக்கிட்டதுக்கு அப்பாதான் பேசாம இருந்தாரு. அண்ணன், நான் ஊட்ட உட்டுப் போன அன்னிக்கு என்னைய விடியால வெள்ளக்கடை வரைக்கும் வண்டியில கொண்டு வந்து பஸ் ஏத்தி உட்டவரு. அவரே அப்படிச் சொல்லவும் தாங்கல. பங்காளிங்களுக்கு பயந்து சொன்னாருன்னு ஒரு வருஷம் நெனச்சுட்டிருந்தேன். போன் வரும்னு பாத்தேன். அப்புறம் நெனைக்கறத உட்டுட்டேன்.

—ஏன் கண்ணு, ஒறம்பரைன்னா சொந்தக்காரங்கதான? நாம சொந்தத்தையும் அப்படித்தான் சொல்றோம், வந்த விருந்தாளியவும் அப்படித்தான் சொல்றோம். அவரு ஒண்ணும் வெளியாளுன்னு சொல்லலியே.

—அதையும் யோசிச்சுப் பாத்துட்டேன். இங்கிலீஷ்ல அந்நியன் வந்து விருந்தாளி ஆனான். நம்ம பேச்சுல சொந்தக்காரன் விருந்தாளி ஆனான். நான் எதுல வர்றேன்? அந்நியமும் இல்ல, புதுசும் இல்ல. அகராதியெல்லாம் புரட்டியாச்சு, எனக்குன்னு ஒரு அர்த்தம் எங்கயும் அகப்படல. சொந்தம்னா சாசர் எதுக்கு அண்ணி?

—நீ அழுவாத சாமி. சேலத்துலதான இருக்கற, வாரம் ஒருக்கா வந்துட்டுப் போற தூரம்.

—தெனமும் காலேஜ் மாடியில நின்னு இந்த மலையத்தான் பாக்கறேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து திரும்பிப் போன நாளும் உண்டு. இங்க ரூம் கெடைக்கும்னு போன்ல பாத்ததும் சிரிப்பு வந்துச்சு. கெஸ்ட்டுன்னுதான சொன்னாரு, கெஸ்ட்டாவே போயிப் பாப்போம்னு வந்துட்டேன். இப்ப பயமா இருக்கு அண்ணி. மூஞ்சியப் பாத்து இன்னொருக்கா அந்த வார்த்தையச் சொன்னாருன்னா, இந்தப் பையப் பிரிக்காமயே கீழ எறங்கிருவேன். அதோட முடிஞ்சுது.

—வண்டிச் சத்தம் கேக்குது. அவருதான். கண்ணத் தொடச்சுக்க.

—ராஜி! கெஸ்ட்டு வந்தாச்சா?

—கேட்டீங்கல்ல அண்ணி? பையக் குடுங்க.

—அட, கொஞ்சம் இரு கண்ணு. அவரு இன்னும் பாக்கவே இல்ல. ஏனுங்க, இங்க வந்து யாருன்னு பாருங்க!

—ம்.

—‘ம்’முன்னா என்னுங்க அர்த்தம்? தங்கச்சிங்க! உங்க தங்கச்சி!

—தெரியுது. வந்த எடத்துல சாப்பிட்டாங்களான்னு கேளு.

—உங்களுக்கு முன்னாலதான நிக்குது, நீங்களே கேளுங்க.

—பனி எறங்கிருச்சு. வளைவுல எதுத்தாப்புல வர்ற வண்டியே தெரியல. இந்நேரத்துக்கு கீழ போவ வேண்டாம்னு சொல்லு.

—எனக்கு இந்த ரோடு பழக்கந்தான்னு சொல்லுங்க அண்ணி.

—நல்லாருக்குது! அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நடுவுல நான் என்ன போன் வயராட்டவா நிக்கறது? ரெண்டு பேரும் மொதல்ல உக்காருங்க. நான் போயி காபி போட்டுட்டு வாரேன்.

—நீ போடாத.

—ஏனுங்க, ஒரு வாய் காபிக்குமா வழியில்லாமப் போச்சு இந்த ஊட்டுல?

—நீ போடாதங்கறேன், ராஜி.

—உடுங்க அண்ணி. எனக்காக நீங்க பேச்சு வாங்க வேண்டாம். நான் கெளம்பறேன். ஆண்டனி கேட்டா, ரூம் நல்லா இருந்துச்சுன்னு சொல்லிக்கறேன்.

—ராஜி, அவள உள்ள போவச் சொல்லு.

—எங்கீங்க, ரூமுக்கா?

—சமையக்கட்டுக்கு.

—அங்க போர்டு மாட்டியிருக்குதே, அண்ணா.

—அது கெஸ்ட்டுக்கு. போயி மூணு டம்ளரு போடு. டப்பா நீ வெச்ச எடத்துலயேதான் இருக்குது.